தெளிந்த கிணறு

பிறந்த வீட்டிலிருந்து குழந்தையோடு திரும்பி வந்த மறுநாள்தான் யோகப்பிரியா கிணற்றை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் அவ்வளவு சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்ததும் அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பழகிய கிணறு அது. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தென்னந்தோப்புக்கு நடுவில், ஓட்டு வீட்டின் பின்வாசலுக்கு நேராக இருந்தது. எப்போதும் ஓரம் முழுக்கப் பாசி கட்டியிருக்கும். வாளியை இறக்கினால் தவளைகள் தொபுக் தொபுக்கென்று குதிக்கும். சருகும் பூச்சியும் தலைப்பிரட்டையும் கலந்து வருகிற தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடத்தில் ஊற்ற வேண்டும். மாமியார் நாச்சம்மாள் அதற்கென்றே ஒரு வெள்ளைத் துணியைக் கிணற்றடிக் கம்பியில் போட்டு வைத்திருப்பாள். இப்போது அந்தத் துணியைக் காணோம். பாசி இல்லை, தவளை இல்லை. உச்சி வெயில் தடங்கலில்லாமல் அடி மணல்வரை இறங்கியிருந்தது. எந்தக் காலத்திலோ விழுந்த பித்தளைச் சொம்பும் அறுந்த கயிறும் ஒற்றைச் செருப்பும் கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடப்பதாகத் தெரிந்தன. கிணற்றின் மேல் சாய்ந்த தென்னையோலைகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள் வரிசையாகத் தொங்கின. ஒன்றிலும் குருவி இல்லை.

"எப்புடி நம்பட கெணறு? கண்ணாடியாட்ட இருக்குது பாரு கண்ணு," என்றாள் பின்னால் வந்து நின்ற நாச்சம்மாள். "ஒரு பூச்சி பொட்டு இல்ல. வடிகட்டற வேலையே மிச்சம். குடிச்சுப் பாரு, எளநியாட்ட இனிக்குது."

யோகப்பிரியா குடித்தாள். இனிக்கத்தான் செய்தது. பிறகு நாக்கின் ஓரத்தில் பழைய சாவியைக் கடித்த ருசி வந்தது, சாயங்காலம்வரை போகவில்லை.

கிணற்றுக்கு அந்தப் பக்கம் கொட்டகை. அவள் பிரசவத்துக்குப் போனபோது அதில் மாடு நின்றது. இப்போது ஒரு இரும்பு உருளை சுற்றிக்கொண்டிருந்தது. அவள் புருஷன் ஈஸ்வரமூர்த்தி எதையும் சீக்கிரம் நம்பிவிடுகிறவன். நெல்லை நம்பினான், ஜாதிக்காயை நம்பினான், இரண்டும் கைவிட்டதும் கல்லை நம்பினான். மலையடிவாரத்துக் கல்லில் பொன் இருக்கிறதென்று யாரோ காதில் போட்டுவிட்டார்கள். கல்லை உடைத்துப் பொடியாக்கி, உருளையில் போட்டு, தண்ணீரும் பாதரசமும் ஊற்றி நாள் முழுக்கச் சுற்றவிட வேண்டும். பொடியில் இருக்கிற பொன்னைப் பாதரசம் பிடித்துக்கொள்ளும். சேற்றுத் தண்ணீரைக் குழியில் திறந்துவிட்டு, மிஞ்சுகிற வெள்ளை உருண்டையைத் துணியில் பிழிந்து வாணலியில் காய்ச்சினால், பாதரசம் புகையாகப் போய்ப் பொன் தங்கும். மோட்டார் குழாய் எட்டுகிற இடமென்று குழியைக் கிணற்றை ஒட்டியே வெட்டியிருந்தார்கள். ஐப்பசி மழையில் அது நிரம்பி வழிந்ததாம். வழிந்தது எங்கே போயிற்று என்று அந்த வீட்டில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

உருளையைப் பார்த்துக்கொள்ள சங்கையா இருந்தான். இடுக்கிப் பக்கம் எஸ்டேட் கூலிக்காரர்களின் லயத்தில் பிறந்து, தேயிலை பிடிக்காமல் ஊர் ஊராக இந்த வேலைக்கே போய்ப் பழகியவன். தினமும் பஸ்ஸில் இறங்கும்போது தோளில் ஒரு தண்ணீர்க் கேனும் வரும். ஒருநாள் அவள் மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் டம்ளரை வாங்கித் தரையில் வைத்தான், தொடவில்லை.

"ஏனுங்கண்ணா, எங்க ஊட்டு மோரு ஆகாதுங்களா?"

"மோருல என்ன தண்ணி ஊத்துனீக மதினி?"

"கெணத்துத் தண்ணிதானுங்க."

சங்கையா சிரித்தான். ஈறு கறுத்திருந்தது. "நானு இந்த மாதிரி எத்தனையோ எடத்துல வேல பாத்துட்டேன் மதினி. வேல பாக்குற எடத்துல ஒரு சொட்டு குடிச்சதில்ல. குடிச்சவுகளுக்குக் கை நடுங்கும், ஆளப் பாத்தாக் கூச்சப்பட்டு ஒளிவாக."

"அத எங்ககிட்டச் சொல்லக் கூடாதுங்களா?"

"மொதலாளிகிட்டச் சொன்னேன். கெணறு தெளிஞ்சு போச்சுன்னு அவுகளுக்கு ஒரே சந்தோசம். நான் என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டு உருளைப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. மறு வாரம் வேலைக்கு வரவே இல்லை. உருளை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து யோகப்பிரியா கிணற்றுத் தண்ணீரைத் தொடவில்லை. தார் ரோட்டு வளைவில் பஞ்சாயத்துக் குழாய் இருந்தது. பொழுது சாயும்போதுதான் தண்ணீர் விடுவார்கள். இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு தோப்பைத் தாண்டிப் போய், வரிசையில் நின்று பிடித்து வருவாள். குடிப்பதற்கும் தனக்கு மட்டும் சமைப்பதற்கும் குழந்தையைத் துடைப்பதற்கும் அந்தத் தண்ணீர்தான். அவள் குடித்தால் பாலாகிக் குழந்தைக்குப் போகும். மூன்று மாதக் குழந்தை, தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் அறியாதது. அதன் உடம்புக்குள் அந்தக் கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டு போய்விடக் கூடாது. அவளுக்கு வேறு எந்த வேண்டுதலும் இல்லை.

பக்கத்துத் தோப்பு வனிதா வீடு வீடாகப் போய்த் தாய்சேய் நலம் பார்க்கிற ஆஷா வேலையில் இருப்பவள். குழந்தையை எடைபோட ஒரு மதியம் வந்தாள். ஸ்கூட்டர் சத்தம் வாசலில் நின்றபோது ஈஸ்வரமூர்த்தி கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒறம்பரை, விருந்தாளி என்று யார் வந்தாலும் எச்சில் கையோடு ஓடிப்போய் "வாங்க, வாங்க" என்று இழுத்து வருகிற மனுஷன். அவன் சோற்றுத் தட்டை விட்டு எழுந்தான். ஓசையில்லாமல் நடந்துபோய், திறந்திருந்த அறைக் கதவுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்து நின்றுகொண்டான். திண்டாடிப் போய் யோகப்பிரியா மாமியாரைத் தேடினால், நாச்சம்மாள் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஏற்கெனவே நின்றிருந்தாள். கதவின் அடியில் அவளுடைய கால்விரல்கள் மட்டும் தெரிந்தன.

"ஏன் பிரியா, ஊட்ல ஆருமில்லியா?" என்றாள் வனிதா.

"தோப்புக்குப் போயிருக்கறாங்கக்கா," என்று யோகப்பிரியா சொன்னாள். ஏன் பொய் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

வனிதா குழந்தையின் கையை மெதுவாக நீட்டி விட்டாள். அது தானாக மடங்கி, விறைத்து, மறுபடி நீண்டது. வனிதாவின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்க குழித் தண்ணி ஓடையில கலந்து மீனெல்லாஞ் செத்து மெதக்குது. எங்க வாத்து அத்தனையுங் கழுத்தத் திருப்பிப் போட்டுட்டு உழுந்துருச்சு. பஞ்சாயத்துல எழுதிக் குடுத்திருக்கறம், அவிய எப்ப வருவாங்களோ. நீ இங்க இருக்காத. புள்ளையத் தூக்கிட்டு உங்கப்பன் ஊட்டுக்குப் போயிரு."

"நான் அந்தத் தண்ணியக் குடிக்கறதே இல்லீங்கக்கா. பைப்புத் தண்ணிதான்."

"அப்பறம் புள்ள ஏன் இப்படி இருக்குது?"

யோகப்பிரியா குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்து தோப்புக்குள் மறைந்தது. அவள் காத்திருந்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து யாரும் வெளியே வரவில்லை. தட்டில் சோற்றின் மேல் ஈ உட்கார்ந்தது. அவள் கதவை மெல்ல இழுத்துப் பார்த்தாள். ஈஸ்வரமூர்த்தி சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தான்.

"அவிய போயிட்டாங்க. ஏனுங்க இங்க நிக்கறீங்க?"

"கூச்சமா இருக்குது புள்ள," என்றான் அவன். கண்ணைத் திறக்கவில்லை. "நீயும் பாக்காத."

பிறகு அவனும் மாமியாரும் அவளைக் கண்டும் ஒளிந்தார்கள். காலையில் காபி வைத்துக் கூப்பிட்டால் கூடத்தில் ஆள் இருக்காது. காபி ஆறிப்போன பிறகு டம்ளர் காலியாக இருக்கும், சுற்றிலும் தரையெல்லாம் சிந்தியிருக்கும். ஈஸ்வரமூர்த்தியின் கை அவ்வளவு நடுங்கியது. எந்த அறைக்குப் போனாலும் கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. முதலில் அவளுக்குக் கோபம் வந்தது, பிறகு அழுகை, கடைசியில் பயம் மட்டும் நின்றது. வீட்டுப் பூனை ஒரு பகல் முழுக்க முற்றத்தில் வட்டமாகச் சுற்றியது. தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, நிற்காமல், கால் பின்னிப் பின்னிச் சுற்றியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிணற்றுச் சுவரில் ஏறி உள்ளே போய்விட்டது. தண்ணீரில் விழுந்த சத்தம் ஒன்றுதான், நீந்துகிற சத்தம் கேட்கவில்லை. நாச்சம்மாள், கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற பாதாளக் கொலுசுக் கொக்கியைப் போட்டு அதை எடுத்துத் தென்னைக்கு அடியில் புதைத்தாள். அன்றும் அந்தத் தண்ணீரில்தான் அவர்கள் இருவருக்கும் சோறு வெந்தது.

குழந்தை அழுவதை நிறுத்திவிட்டது. விளக்கு வைக்கும் நேரத்தில் பால் குடிக்க மறுத்தது. தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டு அவள் மடியில் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உதட்டில் வசம்பு வாசனை அடிக்கும். கையில் வசம்பு வளையல் கட்டியிருந்தது, அதைச் சப்பியிருக்கும் என்று நினைத்தாள். தான் சரியாகத் தண்ணீர் குடிக்காததால் பால் வற்றுகிறதோ என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கஞ்சிக்கோட்டுக்கு, பிறந்த வீட்டுக்குப் போன் போட்டாள். அப்பா ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். "இன்னைக்கு டூட்டி மாத்தி உட ஆளில்ல சாமி. விடிஞ்சதும் ஆட்டோ எடுத்துட்டு வந்தர்றேன்," என்றார். அப்போது மதியம்தான். பாலக்காட்டு பஸ் ரோட்டில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறியிருந்தால் பொழுது சாய்வதற்குள் அம்மா மடியில் போட்டிருக்கலாம். ஆனால் கைக்குழந்தைக்காரி தனியாகப் புறப்படக் கூடாது, பிறந்த வீட்டு ஆள் வந்து அழைத்துப்போனால்தான் மரியாதை என்று அவளை வளர்த்திருந்தார்கள். கதவுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிற மாமியாரிடம் அவளுக்கு இன்னும் மரியாதை தேவைப்பட்டது. உட்கார்ந்துவிட்டாள்.

அறையில் குழந்தையின் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். தாகமாக இருந்தது. குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு குடித்தாள், இன்னொரு சொம்பும் குடித்தாள். குடம் நிறைய இருந்தது. காலையிலேயே பாதிக்குக் குறைந்திருந்த குடம்.

"அத்த," என்று கூப்பிட்டாள். "இந்தக் கொடத்துல ஆருங்க தண்ணி ஊத்துனது?"

அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "கொறையா இருந்துது கண்ணு. நாந்தான் நெரப்பி வெச்சேன். நெதமும் நெரப்பி வெக்கறனே."

நாக்கின் ஓரத்தில் சாவியின் ருசி ஏறியது. அவள் பின்வாசலுக்கு ஓடி விரலை விட்டு வாந்தி எடுத்தாள். வந்தது தெளிந்த தண்ணீர். இரண்டு குடத்தையும் முற்றத்தில் கவிழ்த்தாள். விடியும்வரை குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டும், அதற்கு அவள் நல்ல தண்ணீர் குடித்தாக வேண்டும். குழாயில் தண்ணீர் விடுகிற நேரமும் ஆகியிருந்தது.

குழந்தை தொட்டிலில் தூங்கியது. அவர்கள் ஒளியத் தொடங்கியதிலிருந்து குழாய்க்குப் போகும்போதெல்லாம் செய்வதுபோல அறையைப் பூட்டினாள். அந்த வீட்டில் எல்லாம் பழைய குடுமிக் கதவுகள், கீல் கிடையாது. மேலும் கீழும் மரக் குடுமி குழியில் நின்று திரும்பும். சங்கிலியை நிலையில் மாட்டி, பெரிய பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்தாள். சாவியைத் தாலிக்கொடியில் முடிந்துகொண்டாள். வாசற்படியில் மரத்தூள் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. தினமும்தான் உதிர்கிறது, தினமும் அவள்தான் கூட்டுகிறாள். செல் அரிக்கிறது போலும்.

கார்த்திகை மாதம், பொழுது சீக்கிரம் இறங்கியது. குழாயடியில் கூட்டம். அவளைப் பார்த்ததும் பெண்கள் விலகி வழிவிட்டார்கள், இரக்கமா அருவருப்பா என்று தெரியவில்லை. குடம் நிறைகிற சத்தத்தைக் கேட்டபடி நின்றவளுக்கு வேறெதோ குறைவது மாதிரி இருந்தது. என்ன என்று புரிய நேரமாயிற்று. தோப்புக்குள்ளிருந்து வருகிற உருளைச் சத்தம் நின்றிருந்தது.

கரண்ட் போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். ரோட்டு விளக்கு எரிந்தது.

குடங்களோடு நடந்தாள். வேகமாக நடந்தாள். தண்ணீர் தளும்பிச் சேலையை நனைத்தது. தென்னைகளுக்கு நடுவில் இருட்டு அடர்ந்துவிட்டிருந்தது, கீழே விழுந்த மட்டைகள் காலில் இடறின, வீட்டுப் பக்கமிருந்து காய்ந்த இரும்பும் வெந்த மண்ணும் கலந்த ஒரு வாடை வந்து தொண்டையில் ஒட்டியது. அது பாதரசம் காய்ச்சுகிற வாடை. கொட்டகையில் விளக்கில்லை. வீட்டுக்குள்ளும் விளக்கில்லை.

"ஏனுங்க?"

கூடம் காலியாக இருந்தது. முதல் கதவுக்குப் பின்னால் பார்த்தாள். யாரும் இல்லை. இரண்டாவது கதவு. அங்கும் இல்லை. இத்தனை நாளில் முதல் தடவையாகக் கதவுகளுக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை.

அவளுடைய அறைக்கு வந்தாள்.

பூட்டு பூட்டியபடியே இருந்தது. சங்கிலி நிலையில் மாட்டியபடியே இருந்தது. கதவு மட்டும் குழியிலிருந்து தூக்கிக் கழற்றப்பட்டு, சங்கிலியில் இழுபட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது. இரண்டு பேர் சேர்ந்தால் குடுமிக் கதவைத் தூக்கிவிடலாம். தூக்கியதை மறுபடி குழியில் இறக்கியும் வைக்கலாம். வாசற்படியில் புதிதாக மரத்தூள்.

தொட்டில் காலி.

குடங்கள் கையிலிருந்து நழுவின. எங்கே விழுந்தன என்று அவள் பார்க்கவில்லை.

அடுக்களையில் வெளிச்சம். நீலமாக, குட்டையாக. காஸ் அடுப்பு. அதன் மேல் வாணலி. வாணலியில் ஒன்றும் இல்லை, புகை மட்டும்.

தரையில் நாச்சம்மாள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே, இரண்டு காலுக்கும் நடுவில், குழந்தை மல்லாந்து கிடந்தது. அப்போதுதான் தண்ணீர் வார்த்திருந்தார்கள். தலைமுடி நனைந்து ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஆவி பறக்கும் அண்டா. எதிரே ஈஸ்வரமூர்த்தி குத்துக்காலிட்டு உரைகல்லில் எதையோ உரசிக்கொண்டிருந்தான். கல்லின் ஓரத்தில் ஒரு துண்டு வசம்பு. அவன் விரல்களுக்கு நடுவில், அவரை விதை அளவில், மஞ்சளும் சாம்பலுமாக ஒரு கட்டி.

காபி டம்ளரைப் பிடிக்க முடியாத அந்தக் கை நடுங்கவில்லை.

"சத்தம் போடாத புள்ள," என்றான் மெதுவாக. "புள்ள பயந்துக்கும்."

"என்ன குடுக்கறீங்க?"

"பொன்னு. பொன்னும் வசம்பும் உரசிப் புள்ள நாக்குல வெக்கறதுதான? கடையில வாங்குன பொன்னுல ஆயிரங் கலப்படம். இது நம்பட உருளையில வந்த மொதப் பொன்னு."

"எந்தப் புள்ளைக்குக் கெடைக்கும் கண்ணு?" என்றாள் நாச்சம்மாள். முகமெல்லாம் சந்தோஷம். "நல்லா அறிவா வளருவா."

பொன்னில் இன்னும் பாதரசம் இருந்தது. அது தெரிய வாத்தியார் வேண்டாம். கல்லில் இழுத்த கோடு பாதி மஞ்சளாகவும் பாதி வெள்ளையாகவும் இருந்தது.

"எத்தன நாளா?"

"நீ பைப்புக்குப் போற போதெல்லாந்தான். நீ இருந்தாப் பயந்துக்குவ. கூச்சமா வேற இருக்குது."

அவள் பாய்ந்தாள். யாரும் தடுக்கவில்லை. குழந்தையை வாரி எடுத்தாள். வழுக்கியது. கெட்டியாகப் பிடித்தாள். சேலைத் தலைப்பால் அதன் வாயைத் துடைத்தாள். சாம்பல் நிறத்தில் ஈரம். மறுபடி துடைத்தாள். விரலை உள்ளே விட்டு வழித்தாள். திரும்பிப் பார்த்தால் நாச்சம்மாள் எழுந்து கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"இருட்டுல புள்ளைய வெளிய கொண்டுபோகக் கூடாது கண்ணு."

"உடுங்க அத்த. உங்க காலுல உழுகறன். உடுங்க."

"குடிச்சு முடிக்கட்டும்."

யோகப்பிரியா சுவரோரம் உட்கார்ந்தாள். ஜாக்கெட்டைத் தளர்த்தினாள். பால் கொடுத்தால் உள்ளே போனது கொஞ்சமாவது கரையும், வெளியே வரும், ஏதாவது ஆகும். காம்பை வாயில் வைத்தாள். அவளுக்குள்ளும் அந்தத் தண்ணீர்தான் ஓடுகிறது என்பது அப்போது ஞாபகத்தில் இல்லை.

குழந்தை வாயை இறுக மூடிக்கொண்டது.

ஈஸ்வரமூர்த்தி கல்லை வழித்து விரலில் எடுத்தான். குத்துக்காலிட்டபடியே நகர்ந்து வந்தான். அருகில். இன்னும் அருகில்.

"வேண்டாமுங்க. உங்களக் கும்பிடறனுங்க."

கழுத்து நிற்காத குழந்தை. தலையைத் தாங்கித்தான் தூக்க வேண்டும். அந்தத் தலை அவள் உள்ளங்கையிலிருந்து தானாக எழுந்தது. விரல் இருந்த பக்கம் திரும்பியது. அவள் இழுத்தாள். அது உடம்பை வில்லாக வளைத்து அவளைத் தள்ளியது. அத்தனை பலம் அதற்கு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

"பாரு," என்றாள் நாச்சம்மாள். "எப்புடிக் கேக்கறா பாரு."

குழந்தை சிரித்தது. பிறந்ததிலிருந்து ஒருநாளும் வாய்விட்டுச் சிரிக்காத குழந்தை. கிளுகிளுவென்று, வயிறு குலுங்க, அடுக்களை முழுக்கக் கேட்கும்படி சிரித்தது. திறந்த வாய்க்குள் நாக்கின் நடுவில் வெள்ளியாக ஒரு துளி உருண்டுகொண்டிருந்தது. சிரிக்கச் சிரிக்க அது இரண்டாகப் பிரிந்தது. மறுபடி ஒன்றாகச் சேர்ந்தது.

அப்பாவின் விரல் உதட்டைத் தொட்டது. குழந்தை நாக்கை நீட்டியது.